நாலா, பத்தா?

வெள்ளிக்கிழமை பசார் மாலாமில் கீரை விற்கும் சீன ஆன்ட்டியிடம், ஒரு கட்டு காய்லான் என்ன விலை என்று மாண்டரினில் கேட்டேன். அப்போது நான் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. 'ஸி குவாய்' என்றார். நாலு வெள்ளி. எதற்கும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளலாம் என்று, "ஸி?" என்று திரும்பக் கேட்டேன். அந்த அம்மா பதறிப்போய்க் கையை ஆட்டினார். நான்கு விரலை என் மூக்குக்கு நேராக நீட்டி, "எம்பாட், எம்பாட்!" என்று மலாயில் சொன்னார். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் திரும்பி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

நடந்தது என்னவென்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதுவும் அண்ணன் மகள் சொல்லி. அவள் சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மாண்டரினில் நான்கு என்றால் குரல் மேலேயிருந்து சடாரென்று கீழே விழவேண்டும். பத்து என்றால் நடுவிலிருந்து மேலே ஏறவேண்டும். பாடநூலில் நான்கு 'ஸி', பத்து 'ஷி'. ஆனால் நம்மூர்ச் சீனர்களில் பலர் அந்த ஷ-வுக்கு நாக்கை மடக்குவதில்லை. அவர்கள் பேச்சில் இரண்டுமே ஏறக்குறைய ஸி. ஏற்றமும் இறக்கமும்தான் வேறுபாடு. நானோ தமிழன். சந்தேகம் கேட்டால் குரல் தானாகவே மேலே போய்விடும். "நாலா?" என்று நான் கேட்டது அவர் காதில் "பத்து" என்று விழுந்திருக்கிறது.

"சித்தப்பா, நீங்க கேள்வியே கேக்காதீங்க. சும்மா சொல்லுங்க, போதும்" என்றாள் அவள்.

இதில் என் நாக்கு எந்தத் தப்பும் செய்யவில்லை. ஸ என்ற ஒலி சரியாகத்தான் வந்தது. காதுதான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. வேற்று மொழியின் உச்சரிப்பைக் கற்பது பற்றி நான் படித்த நாடகங்களையும் பார்த்த படங்களையும் அதன் பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அநேகமாக எல்லாமே நாக்கின் கதைகளாக இருந்தன. நாக்கு புரளாது, பயிற்சி நடக்கும், ஒருநாள் நாக்கு புரண்டுவிடும், கைதட்டல். நான் படும் பாடு அவற்றில் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் எழுந்த சில எண்ணங்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்'. பூ விற்கும் எலைசாவுக்கு ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸ் மேல்தட்டு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் கதை. நம்மில் பலருக்கு இது 1964இல் வந்த 'மை ஃபேர் லேடி' படத்தின் வழியாகத்தான் அறிமுகம். எலைசா கற்பது வேற்று மொழி இல்லையே என்று கேட்கலாம். அவளுக்கு அது வேற்று மொழிதான். அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட குழந்தை சில வாரங்களில் அந்த ஊர் மொழியைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதை மறந்துவிடும் அல்லவா, என் நிலையும் அதுதான் என்று கடைசி அங்கத்தில் அவளே சொல்கிறாள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய இந்த நாடகம் முதன்முதலில் மேடையேறியது 1913இல், வியன்னாவில், ஜெர்மன் மொழியில். லண்டனுக்கு அது 1914இல்தான் வந்தது. ஷா கற்பனை செய்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

படத்தில் நமக்கு நினைவிருப்பது பாடம் நடக்கும் காட்சிகள். எலைசாவின் வாயில் கோலிக்குண்டுகளைப் போட்டுப் பேசவைப்பார் ஹிக்கின்ஸ். ஒன்றை அவள் விழுங்கிவிடுவாள். தீச்சுடர் ஒன்றை முன்னால் வைத்து, ஹ என்ற ஒலிக்கு அது அசைகிறதா என்று பார்ப்பார். பின்னிரவில் எல்லோரும் களைத்துக் கிடக்கும்போது, ஸ்பெயின் மழை பற்றிய அந்த வாக்கியம் திடீரென்று அவள் வாயிலிருந்து சுத்தமாக வந்து விழும். உடனே பாட்டு, ஆட்டம். எனக்கும் மிகப் பிடித்த காட்சி. ஆனால் அது பொய். எந்த ஒலியும் அப்படி ஒரே இரவில் வந்து வாயில் உட்காருவதில்லை. இன்றைக்கு வரும், நாளைக்குப் போய்விடும். வகுப்பில் வருவது சந்தையில் வராது. படத்துக்கு ஒரு வெற்றித் தருணம் தேவைப்பட்டது, அதை நாக்கில் வைத்துவிட்டார்கள். இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. தனக்கென்று ஒரு குரலைப் பெறும் பெண்ணின் கதையான அந்தப் படத்தில், எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களைப் பெரும்பாலும் பாடியவர் மார்னி நிக்சன்.

ஷாவின் நாடகத்துக்குப் போனால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. அது முதலில் மேடையேறிய வடிவத்தில் பாடம் நடக்கும் காட்சியே கிடையாது. திரைப்படத்துக்காக எழுதிய சில காட்சிகளைப் பிற்காலப் பதிப்பில்தான் ஷா சேர்த்தார். முதல் வடிவத்தில் இரண்டாம் அங்கத்தில் எலைசா குளிக்கப் போகிறாள், மூன்றாம் அங்கத்தில் மாதங்கள் கழிந்து வரவேற்பறைக்குள் நுழைகிறாள். இடையில் நடந்ததைப் பேச்சுவாக்கில்தான் தெரிந்துகொள்கிறோம். அதில் ஹிக்கின்ஸும் பிக்கரிங்கும் போட்டிபோட்டுக்கொண்டு புகழ்வது அவளுடைய நாக்கை அல்ல, காதை. எந்த ஒலியைக் கொடுத்தாலும் பிடித்துவிடுகிறாள், கேட்ட இசையை வீட்டுக்கு வந்து பியானோவில் வாசிக்கிறாள் என்கிறார்கள். நாடகத்தின் தொடக்கத்தில் ஹிக்கின்ஸின் பெருமை என்ன? பிக்கரிங்கால் 24 உயிரொலிகளைத்தான் பிரித்துச் சொல்ல முடியும், அவருக்கோ 130. அவரும் காதின் மனிதர்தான். ஷா எலைசாவுக்குக் காதைக் கொடுத்தார், திரைப்படம் அதைப் பறித்துக்கொண்டு கோலிக்குண்டைக் கொடுத்தது என்பது என் வாசிப்பு.

மூன்றாம் அங்கத்தின் வரவேற்பறைக் காட்சியை நான் பலமுறை படித்திருக்கிறேன். எலைசாவின் ஒவ்வொரு ஒலியும் கச்சிதமாக இருக்கிறது. ஆனால் பேசும் விஷயமோ அத்தையின் மர்மச் சாவு, யாரோ திருடிய தொப்பி, சாராயம். போகும்போது அந்தக் காலத்து மேடையில் யாரும் உச்சரிக்கத் துணியாத ஒரு வசைச்சொல்லையும் அதே உயர்ந்த தொனியில் வீசிவிட்டுப் போகிறாள். உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் அதைப் புது நாகரிகம் என்று எடுத்துக்கொண்டு தானும் அதே சொல்லைச் சொல்லிப் பார்க்கிறாள்! பூ விற்கும்போது எலைசா அதைச் சொல்லியிருந்தால் முகம் சுளித்திருப்பார்கள். சொல் மாறவில்லை. கேட்பவர்கள் தங்களுக்குப் பழகிய ஒலியைக் கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்கள்.

பின்னால் சேர்த்த காட்சிகளில் ஒன்றில் ஹங்கேரியைச் சேர்ந்த மொழி நிபுணன் ஒருவன் வருகிறான். விருந்தில் எலைசாவைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கிறான். இவள் ஆங்கிலேயப் பெண்ணே இல்லை, இவ்வளவு சுத்தமான ஆங்கிலம் கற்றுக்கொண்டவர்களுக்குத்தான் வரும், ஆகவே இவள் ஹங்கேரிய இளவரசி என்பது அவன் தீர்ப்பு. நான் முதலில் படித்தபோது இதை வெறும் நகைச்சுவை என்று கடந்துவிட்டேன். பிறகு எனக்கே நடந்தது. மாண்டரினில் ழகரத்துக்கு நெருக்கமான ஓர் ஒலி உண்டு, 'மனிதன்' என்ற சொல்லின் தொடக்கத்தில் வருவது. ட, ண, ள, ழ என்று நாக்கை மடக்கிப் பழகிய நமக்கு அந்த வரிசை ஒலிகள் அவ்வளவு கஷ்டமில்லை. வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதற்குத்தான். அதே பெருமையோடு ஒரு காப்பிக்கடையில் நாக்கை நன்றாக மடக்கிப் பேசினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ சீனாவில் படித்தாயா?" என்றார். இந்த ஊரில் யாரும் அப்படி மடக்குவதில்லை. புத்தகப்படி சரியாகச் சொன்ன அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரனாக இல்லாமல் போனேன்.

எளிதாக வந்ததைச் சொன்னேன். கஷ்டமாக இருந்ததையும் சொல்லவேண்டும். பின்யின் என்பது சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை. 1958இல் சீனா அதை ஏற்றுக்கொண்டது. அதில் 'அப்பா' என்பதற்கான சொல் 'ஏ'க்கு அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. 'பயம்' என்பதற்கான சொல் 'ஓ'வுக்கு அடுத்த எழுத்தில் தொடங்குகிறது. இரண்டு எழுத்தின் பெயரையும் தமிழில் 'பி' என்றுதான் எழுதவேண்டியிருக்கிறது, அதனால்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறேன். இந்தச் சிக்கலுக்கு மறுபடியும் வருவேன். இரண்டு சொல்லிலும் குரல் ஒரேமாதிரி கீழே விழும். வேறுபாடு மூச்சில் மட்டும்தான். 'பயம்' சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வெளியே வரவேண்டும். 'அப்பா'வுக்கு வரக்கூடாது. ஆசிரியை ஒரு துண்டுக் காகிதத்தை என் வாய்க்கு முன்னால் பிடித்தார், எலைசாவின் தீச்சுடரைப் போல. காகிதம் அசையவே இல்லை. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று நான் சொல்லச் சொல்ல, வகுப்பு முழுக்க "என் அப்பா, என் அப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

காகிதத்தை அசைக்கக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. அதைவிட அதிக நாள் எடுத்தது எளிதென்று நினைத்த 'அப்பா'. எழுத்தைப் பார்த்ததும் என் பள்ளிக்கூட ஆங்கிலமும் மலாயும் முந்திக்கொண்டு வந்துவிடும். 'பஸ்', 'பாபி' என்று தொண்டை அதிரச் சொல்வேன். அர்த்தம் புரிந்துவிடும், ஆனால் அது அவர்கள் ஒலி இல்லை. ஆசிரியை ஒவ்வொரு முறையும் தலையை லேசாக அசைப்பார். ஒருநாள் வீட்டில் அண்ணன் மகளோடு உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் அம்மா ஏதோ கேட்க, "பல்லு வலிக்குதும்மா" என்றேன். இவள் நிமிர்ந்து பார்த்து, "அதுதான் சித்தப்பா! இப்ப சொன்னீங்களே, அது!" என்றாள். பல். தொண்டை அதிராமல், காற்றும் வெடிக்காமல், சொல்லின் முதலில் வரும் நம் பகரம். மாண்டரினில் 'அப்பா'வின் முதல் ஒலி அதுதான். பிறந்ததிலிருந்து வாயில் இருந்த ஒலியை, இடையில் கற்ற ஓர் எழுத்து மறைத்துவைத்திருந்தது. த, க விஷயத்திலும் அப்படியேதான். இந்தக் கண்டுபிடிப்பு எந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உரியதாகத் தெரியவில்லை. பல்வலி மட்டும் அப்படியே இருந்தது.

உச்சரிப்பைப் பற்றிய கதைகளில் பாதி சிரிக்கவைப்பவை. மீதியில் ஒன்று பழைய ஏற்பாட்டில், நியாயாதிபதிகள் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தான் ஆற்றைக் கடந்து தப்பப் பார்க்கிறார்கள். துறைகளைப் பிடித்துக்கொண்ட கீலேயாத்தியர், வருகிறவனையெல்லாம் நிறுத்தி 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். 'சிபோலேத்' என்று சொன்னவன் அங்கேயே வெட்டப்படுகிறான். செத்தவர்கள் 42,000 பேர் என்கிறது வேதாகமம். தமிழில் இதைப் படிக்கும்போது எனக்கு வேறொன்று உறைக்கிறது. ஷ நம் எழுத்து இல்லை, கிரந்தம். மொழிபெயர்த்தவர்கள் கிரந்தமே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் இரண்டு சொல்லும் சிபோலேத் ஆகியிருக்கும். எதற்காக வெட்டினார்கள் என்றே வாசகனுக்கு விளங்கியிருக்காது. 42,000 உயிர் போன அந்த இடைவெளி தமிழில் ஒரு கடன் எழுத்தை நம்பி நிற்கிறது. கிரந்தம் தேவையா என்ற விவாதத்தில் நான் எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் இந்த அதிகாரத்தைக் காட்டுவதே என் வழக்கம்.

கிரந்தமும் உதவாத ஒரு கதை நமக்கு இருக்கிறது. 1983, கறுப்பு ஜூலை. கும்பல்கள் பேருந்துகளை மறித்துப் பயணிகளிடம் வாளிக்கான சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னதாக அந்த நாட்களின் சாட்சியங்கள் பேசுகின்றன. அந்தச் சொல் 'பால்திய'. முதல் ஒலி தொண்டை அதிர வரவேண்டும். தமிழில் அந்த ஒலி 'அம்பு', 'கம்பம்' என்று சொல்லுக்கு நடுவில்தான் இயல்பாக வரும். தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. பல் என்று சொல்கிற பழக்கத்தில் வாய் திறந்தவர் தமிழர் என்று பிடிபட்டார். சரியான உச்சரிப்பையும் பிடிபட்ட உச்சரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட என்னால் முடியாது. இரண்டும் பால்தியதான். நம் எழுத்துக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது. கொடுமை என்னவென்றால், அது சிங்களத்தின் சொந்தச் சொல்லும் இல்லை, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. எல்லோருக்கும் ஒருகாலத்தில் அந்நியமாக இருந்த சொல்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறுமியைத் துள்ளிக் குதிக்கவைத்த அதே பகரம் அது. இதை எழுதும்போது, உச்சரிப்பு கற்பதை ஒரு பொழுதுபோக்குபோல இதுவரை பேசிக்கொண்டு வந்ததற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எலைசாவின் வரவேற்பறையில் இருப்பவனும் காதுதான், யோர்தான் துறையில் நிற்பவனும் காதுதான். முதலாமவன் தவறாகக் கேட்டால் ஒரு வசைச்சொல் நாகரிகமாகிவிடும். அவ்வளவே.

'இங்கிலீஷ் விங்கிலீஷ்' (2012) படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்ததுதான். ஸ்ரீதேவி நடித்த சசி, நியூயார்க்கில் நான்கு வாரத்தில் ஆங்கிலம் கற்கும் கதை. அந்த வகுப்பில் இருக்கும் தென்னிந்திய மென்பொருள்காரரை வெறும் சிரிப்புக்கு வைத்திருப்பதில் எனக்குக் குறை உண்டு. ஆனால் கெளரி ஷிண்டே ஓர் இடத்தில் ஷாவையும் தாண்டிப் போகிறார். காப்பிக்கடைக் காட்சி. சசிக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும், சொல்லியும்விடுகிறாள். பதிலுக்கு எந்தக் காப்பி, எந்தத் தண்ணீர் என்று கல்லாவிலிருந்து கேள்விகள் சீறிக்கொண்டு வரும்போதுதான் உடைந்துபோகிறாள். அவள் தோற்பது பேசத் தெரியாமல் இல்லை, கேட்கப் போதிய நேரம் கிடைக்காமல். 'ஜாஸ்' என்ற சொல்லை அவள் வேறுமாதிரி உச்சரித்ததற்கு வீட்டில் சிரிக்கும் கணவனையும் மகளையும்விட அந்தக் கல்லாப்பெண் எனக்கு உண்மையாகத் தெரிகிறாள். கடைசியில் திருமண வீட்டில் சசி பேசும் ஆங்கிலம் அவளுடைய உச்சரிப்பிலேயே இருக்கிறது, படம் அதைத் திருத்தவில்லை. கூட்டம் அமைதியாகக் காத்திருந்து கேட்கிறது. அந்தப் பேச்சில் நடித்தது ஸ்ரீதேவி மட்டுமல்ல, அந்தக் கூட்டமும்தான் என்று தோன்றும்.

கீரை ஆன்ட்டியிடம் மறுபடியும் போனேன். இந்த முறை சந்தேகமே இல்லாமல், குரலைக் கீழே இறக்கி, "ஸி குவாய்" என்று நானே விலையைச் சொல்லிக் காசை நீட்டினேன். ஐந்து விரலைக் காட்டினார். விலை ஏறிவிட்டதாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சிறிய கவிதைக் கூட்டம். தேசியப் பள்ளியில் படித்து, இருபது வயதுக்கு மேல் தானாகத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்ட ஒரு தோழி தன் கவிதையை வாசித்தாள். மழையைப் பற்றிய கவிதை. ஒவ்வொரு முறையும் 'மளை' என்றே வந்தது. தமிழ் 'தமில்' ஆனது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகை வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. என்னிடம் வந்தபோது நானும் வாங்கிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவளிடம் போய், நாக்கை எப்படி மடக்க வேண்டும் என்று கனிவாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் கவிதையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும்தான். இன்றைக்கு அந்தக் கவிதையில் எனக்கு ஞாபகம் இருப்பது அந்த 'மளை' மட்டுமே. நல்ல கவிதையா, சுமாரானதா என்று என்னால் சொல்ல முடியாது. விமர்சனம் எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அவள் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாசிக்கவில்லை. எழுதுகிறாள், எப்போதாவது எனக்கு அனுப்புவாள். போன மாதம் அனுப்பியபோது, குரலில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்று பதில் போட்டாள். இன்னும் வரவில்லை.